துப்பாக்கிச் சட்டமும் குற்ற வீதமும்: ஓர் ஆய்வு விவாதம் பற்றிய குறிப்பு

புள்ளிவிபரங்களின் துணைகொண்டு நிறுவப்படும் முடிவுகள் சார்பற்றவை என்ற எண்ணம் சமூக விஞ்ஞானங்களிற் பரவலாக உண்டு. ஆயின் எண்கள் தாமாகப் பேசுவதில்லை. எடுகோள்களே அவற்றைப் பேசவைக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டங்களுக்கும் குற்ற வீதங்களுக்குமுள்ள தொடர்பு பற்றிப் பொருளியலாளர் நடத்திய விவாதம் இதற்குத் தக்க உதாரணமாகும்.

குற்றத்தையும் ஒரு பொருளாதாரத் தெரிவாக நோக்கும் கோட்பாட்டை 1968 இல் கரி பெக்கர் முன்வைத்தார். குற்றமிழைப்பவன் எதிர்பார்க்கும் இலாபத்தையும் தண்டனையால் நேரக்கூடிய இழப்பையும் ஒப்புநோக்கியே செயற்படுகிறான் என்பது அதன் சாரம். இவ்வழிநின்று ஜோன் லொட், டேவிட் மஸ்டார்ட் ஆகிய இருவரும் 1997 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கைத்துப்பாக்கியை மறைத்தெடுத்துச் செல்லப் பொதுமக்களுக்கு எளிதில் அனுமதி வழங்கும் மாநிலங்களில், எதிர்ப்படுபவர் ஆயுதம் தரித்திருக்கலாம் என்ற அச்சத்தால் வன்குற்றங்கள் குறைந்தன என்பது அவர்தம் முடிவு. ஏனைய மாநிலங்களும் 1992 இல் அச்சட்டத்தை ஏற்றிருப்பின் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கொலைகள் தவிர்க்கப்பட்டிருக்கும் எனவும் அவர்கள் கணித்தனர்.

இம்முடிவு நிலைத்து நிற்கவில்லை. புளோரிடா என்னும் ஒரு மாநிலத்தின் தரவுகளை நீக்கியதும் கொலை, பாலியல் வன்முறை ஆகியவற்றின் மீதான விளைவு மறைந்துவிடுவதை 1998 இல் பிளாக், நேகின் என்போர் காட்டினர். எண்பதுகளின் நடுப்பகுதி தொடக்கம் பெருநகரங்களிற் பரவிய ‘கிராக்’ கொக்கெயின் வணிகம், இச்சட்டத்தை ஏற்காத மாநிலங்களிலேயே குற்றத்தைப் பெரிதும் உயர்த்தியிருந்ததை அயர்ஸ், டொனகியூ ஆகியோர் 2003 இற் சுட்டினர். அதாவது, பிறிதொரு சமூக நெருக்கடியின் விளைவு துப்பாக்கியின் நன்மையாகக் கணக்கிடப்பட்டிருந்தது. கிடைத்த சான்றுகள் எம்முடிவுக்கும் போதியனவல்ல என 2004 இல் தேசிய ஆய்வு மன்றம் அறிவித்தது. கொலை தொடர்பில் உறுப்பினர் ஒருவர் மாத்திரம் மாறுபட்டார். 2019 இல் டொனகியூவும் சகாக்களும் புதிய முறையிற் செய்த ஆய்வு, இச்சட்டங்கள் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுகளின் பின் வன்குற்றம் 13 முதல் 15 சதவீதம் வரை கூடுதலாக இருந்ததென மதிப்பிட்டது.

இங்கு நாம் இரண்டினை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, பெக்கர் வழிவந்த மாதிரியில் வரும் ‘மனிதன்’ வர்க்கமும் நிறமும் அற்றவன். வேலையின்மையால் நலிந்த நகர்ப்புறச் சேரிகளும் போதைப்பொருள் வணிகமும் அதிற் புறக்காரணிகளாகவே ஒதுங்கிவிடுகின்றன. வரலாற்றிலோ ஆயுதம் தரிக்கும் ‘குடிமகன்’ அவ்வாறு பொதுவானவனாக இருந்ததில்லை. கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்தினர் ஒக்லண்ட் நகரிற் பொலிசாரைக் கண்காணிக்க வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தியபோது, 1967 இற் கலிபோர்னியா மாநிலம் குண்டேற்றிய துப்பாக்கியைப் பொதுவிடத்தில் ஏந்துவதைத் தடைசெய்தது. அச்சட்டத்திற் கையொப்பமிட்ட ஆளுநர் ரொனால்ட் றேகன் ஆவார்.

இரண்டாவது, எண்களெல்லாம் முதலாளித்துவத்தின் சூழ்ச்சியெனத் தள்ளிவிடும் போக்கு நம்மிடையேயும் உண்டு. அது விமர்சனமாகாது. லொட்டின் முடிவை ஆட்டங்காணச் செய்தவை சுலோகங்களல்ல. அதே தரவுகளை மீளவும் எண்ணிய உழைப்பும், எண்ணப்படாது விடப்பட்டது எது என்ற வினாவுமேயாகும்.

எனினும் அறிவின் வெற்றி அதிகாரத்தின் மாற்றமாகத் தானே பரிணமிப்பதில்லை. 2022 இல் நியூ யோர்க் மாநிலத்தின் கட்டுப்பாட்டை நிராகரித்த ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம், இத்தகைய சட்டங்களை அரசியலமைப்பின் வாசகத்தையும் வரலாற்று மரபையும் கொண்டே அளக்கவேண்டும் எனவும், அவற்றின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தல் கூடாதெனவும் தீர்ப்பளித்தது. சான்றுகள் ஒருபக்கம் சாயத் தொடங்கிய வேளையிற் சான்றுக்கே இடமில்லாது போயிற்று. ஆய்வுகள் எங்கே எடுத்தாளப்படுகின்றன, எங்கே ஒதுக்கப்படுகின்றன என்பதும் ஆய்வுக்குரிய பொருளே என்பதை இவ்விவாதம் நமக்கு உணர்த்துகின்றது.