வெறும் அரங்கில் ஓடும் ஆறு

சீன இசைநாடகத்தை முதன்முறையாகக் காண்போர் இரு குறைகள் கூறுவது வழக்கம். குரல் செவியைத் துளைக்கின்றது என்பது ஒன்று. அரங்கிலே காட்சித்திரை முதலிய எதுவும் இல்லையே என்பது மற்றொன்று. ஆனால், இவ்விரண்டுமே அக்கலைக்கு உயிர் என்பதை உணர்ந்தால் அதனைச் சுவைக்கும் வழி நமக்குத் திறந்துவிடும்.

1790 ஆம் ஆண்டில், சியென்லுங் பேரரசரின் எண்பதாம் பிறந்தநாள் விழாவுக்கென அன்ஹுவி மாகாணத்து நாடகக் குழுவினர் தலைநகர் வந்தனர். பீக்கிங் இசைநாடகத்தின் வரலாற்றை அவ்வருகையிலிருந்தே தொடங்குவர். பாடல், பேச்சு, அபிநயம், போர்வித்தை ஆகிய நான்கும் அதன் அங்கங்கள்.

முதலிற் குரலைக் கவனிப்போம். இளம்பெண் வேடத்தார் கள்ளத்தொண்டையில் உச்சத்திற் பாடுவர். முதியவர் வேடத்தார் இயற்கைக் குரலிற் பாடுவர். முகத்தில் வண்ணந் தீட்டிய வீரர் முழங்குவர். கண்ணை மூடியிருப்பினும் வந்தவர் எத்தகையவர் என்பதைச் செவி அறியும். பழைய பீக்கிங் மக்கள் நாடகம் 'பார்க்க' அன்று, 'கேட்க'ப் போவதாகவே கூறுவர்.

இனி அசைவு. கையிற் சவுக்கு ஒன்றிருந்தால் நடிகர் குதிரைமீது செல்கிறார் என்பது பொருள். 'இலையுதிர்கால ஆறு' என்னும் காட்சியிலே கிழப் படகோட்டியிடம் உள்ளது ஒரு துடுப்பு மட்டுமே. அவர் தாழ, உடன் வரும் பெண் உயர்கின்றாள். அவள் தாழ, அவர் உயர்கின்றார். படகும் அலையும் நம் கண்முன் தோன்றிவிடுகின்றன. 'முச்சந்தி' என்னும் நாடகத்திலோ, ஒளி நிறைந்த அரங்கிலே இருவர் காரிருளில் தடவித் தடவிப் போரிடுகின்றனர்!

பெண் வேடத்திற் புகழ்பெற்ற மேய் லான்பாங் (1894–1961) 1930 இல் அமெரிக்காவிலும், 1935 இல் சோவியத் நாட்டிலும் இக்கலையைக் காட்டினார். யப்பானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில், பெண் வேடத்துக்கு ஒவ்வாத மீசையை வளர்த்து, மேடையேற மறுத்தார்.

இக்கலை நூலிலன்று, ஆசிரியரின் குரலிலும் உடலிலும் வாழ்வது. ஆதலாற்றான் 1966 முதல் 1976 வரையிலான பண்பாட்டுப் புரட்சிக் காலத்திற் பழைய நாடகங்கள் மேடையினின்று அகற்றப்பட்டமை பேரிழப்பாயிற்று. பத்தாண்டுகள் பயிலாத அசைவை ஏடு மீட்டுத் தராது. பின்னர் அது மீண்டெழுந்தது. 2010 இல் யுனெஸ்கோ அதனை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

எனினும், பட்டியல் மட்டும் ஒரு கலையைக் காப்பாற்றுவதில்லை. துடுப்பின் அசைவிலே ஆற்றைக் காணவல்ல கண்களும் அதற்கு வேண்டும்.