காலுக்கு முன்னே கண்

மாலை மணி அடித்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும் காட்சியை நேயர்களில் பலர் கண்டிருப்பார்கள். பந்து ஒன்று, அதைச் சுற்றிப் பையன்கள் இருபது பேர். பந்து கிழக்கே உருண்டால் இருபது பேரும் கிழக்கே ஓடுவார்கள். மேற்கே திரும்பினால் அத்தனை பேரும் மேற்கே. வெல்லக் கட்டியை ஈ மொய்த்தாற் போலத்தான். புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் பந்து வேலியோரம் நிம்மதியாகக் கிடக்கும். பையன்களோ ஒருவர் காலை ஒருவர் உதைத்துக் கொண்டிருப்பார்கள்.

பகலில் சரித்திரம் கற்பித்துவிட்டு, மாலையில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்த ஈக்கூட்டத்தின் பின்னால் நாமும் பல வருஷங்கள் ஓடியிருக்கிறோம். கால்பந்தாட்டம் கற்பிப்பதாகவே அப்போது எண்ணம். உண்மையில் நாம் கற்பித்தது உதைக்க மட்டுமே என்பதை ஒரு சிறு பையன் நமக்கு உணர்த்தினான்.

பள்ளிகளுக்கிடையே நடந்த ஒரு பந்தயம் அது. ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். முடிய இரண்டு நிமிஷந்தான் இருந்தது. நம் கட்சியின் கெட்டிக்காரப் பையன் பந்துடன் வலப்புறம் பாய்ந்து, எதிரிகளில் ஒருவனை ஏய்த்தான், இன்னொருவனை ஏய்த்தான், மூன்றாமவனையும் கடந்தான். நாம் எல்லைக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினோம். நான்காமவன் பந்தைப் பிடுங்கிக்கொண்டான். ஆட்டம் முடிந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒல்லியான தேகம், அதிகம் பேசாத சுபாவம். வெகுநேரம் கழித்து மெல்லக் கேட்டான்: "ஸார், அப்போது இடது பக்கத்தில் நான் தனியாக நின்றேன். கையைக்கூடத் தூக்கினேன். அவன் பார்க்கவில்லை. நீங்களாவது பார்த்தீர்களா, ஸார்?"

நாம் பார்க்கவில்லை. "கண்ணைத் திறந்து ஆடுங்கள்!" என்று பையன்களை ஓயாமல் வைதுகொண்டிருந்த நாமே, பந்தைத் தவிர வேறொன்றையும் பார்க்கவில்லை. அவனுக்குப் பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழு ஆட்டம் 90 நிமிஷம். வீரர்கள் 22 பேர். பந்து வெளியே போகும் நேரத்தையும், காற்றில் பறக்கும் நேரத்தையும் கழித்தால், ஒரு வீரனின் காலடியில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிஷந்தான். மிச்சமுள்ள நேரமெல்லாம் அவன் என்ன செய்கிறான்? எங்கே நிற்கிறான், எதைப் பார்க்கிறான், எப்போது நகருகிறான்? ஆட்டத்தின் பெரும் பாகம் அதுதான். அதை நாம் ஒருநாளும் கற்பித்ததில்லை.

ஹைதராபாத் உபாத்தியாயர்

இந்தக் கவலையுடன் பழைய ஏடுகளைப் புரட்டியபோதுதான் ஸையத் அப்துல் ரஹீமின் சரித்திரம் நம் கண்ணில் புதிதாகப் பட்டது. 1909-இல் பிறந்தவர், உஸ்மானியா சர்வகலாசாலையில் படித்தவர், நம்மைப்போலப் பள்ளிக்கூட உபாத்தியாயர். 1950 முதல் 1963-இல் மறையும் வரை இந்தியக் கால்பந்துக் கட்சியைப் பயிற்றுவித்தார். அவர் பயிற்றுவித்த ஹைதராபாத் நகரப் போலீஸ் கட்சி, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

அக்காலத்தில் பந்தைக் காலிலேயே ஒட்டவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏய்த்துச் செல்வதே நம் நாட்டில் பெரிய வித்தையாகப் போற்றப்பட்டது. ஜனங்கள் கைதட்டுவது அதற்குத்தான். ரஹீம் அதை மேடையேறிக் கண்டிக்கவில்லை. பந்தை ஏய்த்து ஓட்டக் கூடாது, வந்தவுடன் தோழனுக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற விதியுடன் தனிப் பந்தயங்களையே நடத்தினார். பழகாத காலால் மட்டும் ஆட வேண்டிய பந்தயங்களும் வைத்தார். விதி மாறியதும் பழக்கம் தானே மாறியது. உடனே அனுப்பியாக வேண்டும் என்றால், பந்து வருமுன்பே தோழன் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? ஆயிரம் தடவை "பார், பார்" என்று கத்துவதால் ஆகாத காரியம் ஒரே ஒரு விதியால் ஆயிற்று!

அவர் பாதை மலர் தூவிய பாதையல்ல. 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் நம் கட்சி தங்கம் வென்றது. மறு வருஷமே ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்ஸில் யூகோஸ்லாவியாவிடம் ஒன்றுக்குப் பத்து என்று தோற்றது. குளிரில் நம்மவரில் பலர் வெறுங்காலுடன் ஆடினார்கள். தோல்வியைத் தலைவிதி என்று விட்டுவிடாமல், ரஹீம் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார். 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெயரை இந்தியா பெற்றது. அந்த ஆட்டத்தில் நெவில் டிஸோஸா மூன்று கோல்கள் போட்டார்.

அவர் கண்டெடுத்த மணிகளில் ஒருவர் துளஸிதாஸ் பலராம். செகந்திராபாத்தையடுத்த சிற்றூரில் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வந்து போக வழியில்லை என்று அந்த இளைஞர் தயங்கியபோது, வாடகைச் சைக்கிளுக்கு ரஹீமே பணம் கொடுத்தார் என்று பலராம் முதுமையிலும் நன்றியுடன் சொல்லிக்கொண்டிருந்தார்.

1962-இல் ஜகார்த்தா. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. பின்னர் பின்வரிசைச் சிங்கமான ஜர்னைல் ஸிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் அவரை அரை இறுதியில் சென்டர் பார்வர்டாக முன்னே அனுப்பினார். ஜர்னைல் அதிலும் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ஆம் தேதி அதே தென் கொரியாவுடன் நடந்த இறுதியாட்டத்திலும் ஒன்று போட்டார். தடுக்கிறவன் எந்தப் பக்கம் பார்ப்பான், எந்தப் பக்கத்தை மறப்பான் என்பது தடுத்துப் பழகியவனுக்குத்தானே தெரியும்! மற்றொரு கோலை பி. கே. பானர்ஜி போட்டார். லட்சம் பேர் நம்மவரை எதிர்த்துக் கூச்சலிட்ட மைதானத்தில் இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. அப்போதே ரஹீமின் தேகத்தைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. மறு வருஷம் ஜூன் மாதம் அவர் காலமானார். அதன் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குக் கிட்டவில்லை. 1970-இல் பெற்ற வெண்கலமே கடைசிப் பதக்கம்.

நம் மைதானத்தில்

ரஹீமின் வழியை நம் புழுதி மைதானத்தில் பரீட்சித்துப் பார்த்தோம். சுண்ணாம்புப் பொடியால் பத்தடி எட்டுச் சதுரம் ஒன்று போட்டோம். நான்கு பேர் ஓரங்களில். இரண்டு பேர் நடுவில். நால்வரும் பந்தைத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ள வேண்டும். நடுவிலிருப்பவர்கள் பறிக்க வேண்டும். பந்தை இரண்டு தடவைக்கு மேல் தொடக்கூடாது. முதல் நாள் மூன்று பாஸுக்கு மேல் போகவில்லை. ஏனென்று கவனித்தோம். பந்து வைத்திருப்பவனுக்கு நேர் எதிரே, எதிரியின் முதுகுக்குப் பின்னால் தோழன் நின்றுகொண்டிருந்தான். நிழலில் நிற்பவனுக்கு எப்படிப் பந்து போகும்? இரண்டடி விலகி நின்றால் வழி திறந்துவிடுகிறது. பந்துடையவனுக்கு வலத்தே ஒருவன், இடத்தே ஒருவன்; மூவரும் சேர்ந்தால் ஒரு முக்கோணம். பந்து நகர்ந்தால் முக்கோணமும் நகர வேண்டும். எல்லா நாட்டுப் பெரிய கட்சிகளின் தந்திரங்களுக்கும் இந்த முக்கோணமே வித்து.

இரண்டாவது அப்யாசம் பையன்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆட்டத்தின் நடுவில் திடீரென்று விசில் ஊதுவோம். எல்லோரும் நின்ற இடத்தில் நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். "உனக்குப் பக்கத்திலுள்ள தோழன் எங்கே? கையைக் காட்டு!" முதல் வாரத்தில் காட்டிய கைகள் வேலியையும் வேப்பமரத்தையும் சுட்டின, ஒரே சிரிப்பு. ஒரு மாதத்தில் பெரும்பாலான கைகள் சரியான திக்கில் நீண்டன. பந்து வந்துகொண்டிருக்கும்போதே தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் படிந்துவிட்டது. இங்கிலாந்தின் முதல்தர ஆட்டக்காரர்களை நார்வே ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட்டும் தோழர்களும் படம் பிடித்து ஆராய்ந்தபோதும், பந்து கிடைக்குமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்களே அதிகமாகத் தோழர்களைச் சேர்வதாகத் தெரிந்தது.

மூன்றாவது அப்யாசம் பையன்களுக்கல்ல, நமக்கு. ஆட்டம் நடக்கையில் வாயைத் திறப்பதில்லை என்று விரதம் பூண்டோம். எல்லைக்கோட்டிலிருந்து நாம் கத்தினால் பையன் நம் குரலுக்காகக் காத்திருக்கிறான். அவன் கண் தூங்கிவிடுகிறது. இடைவேளையில் கேள்வி மட்டும் கேட்போம்: "அப்போது உனக்கு எத்தனை வழி இருந்தது?" விரதம் சுலபமாக இல்லை. இன்றும் சில நாள் முறிந்துவிடுகிறது.

கெட்டிக்காரப் பையனுக்கு இந்த மாறுதல் கசந்தது. தன் வித்தைக்கு விலங்கு பூட்டுவதாக நினைத்து இரண்டு வாரம் மைதானத்துக்கே வரவில்லை. அவனிடம் சொன்னோம்: "உன்னை ஏய்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அப்பா. நீ மூவரை உன்னிடம் இழுத்தால், நம்மவரில் இருவருக்கு ஆளில்லாமல் போகிறதே. அவர்களைப் பார்த்துவிட்டு ஏய்." யோசித்துவிட்டு வந்து சேர்ந்தான். நாம் இன்னும் கோப்பை எதுவும் வெல்லவில்லை. ஆனால் ஈக்கூட்டம் கலைந்துவிட்டது.

ஒரு குறை மட்டும் நெஞ்சில் இருக்கிறது. பஸ்ஸில் நம்மைக் கேள்வி கேட்ட பையன் இதையெல்லாம் பார்க்கவில்லை. அந்த வருஷமே அவன் தகப்பனாருக்கு வேற்றூருக்கு மாற்றலாகிவிட்டது. கையைத் தூக்கி நின்றவனுக்கு நம் மைதானத்தில் பந்து கிடைக்காமலே போயிற்று.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் குழந்தை ஆடுவதைப் பார்க்கப் போகும்போது, ஐந்து நிமிஷம் பந்தை விட்டுவிட்டு அவனையோ அவளையோ மட்டும் பாருங்கள். வீடு திரும்பியதும் "எத்தனை கோல் போட்டாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்று யாருக்குப் பந்து கொடுத்தாய்?" என்று கேளுங்கள். இடது ஓரத்தில் வேறொரு வீட்டுக் குழந்தை கையைத் தூக்கிக்கொண்டு நிற்கக்கூடும்.