பன்னீர் மணக்கும் பள்ளத்தாக்கு

நரிக்குத் திராட்சை எட்டவில்லை. ஆகவே அது புளித்தது. ஏனாத்தூரில் எனக்கோ எட்டிய பிறகும் புளித்தது! கம்பத்திலிருந்து கொண்டுவந்த கொடியொன்றைக் கொல்லைக் களிமண்ணில் நட்டேன். காய்த்த ஒரே குலையைச் சுவைத்த என் மனைவி, "நரி சொன்னதில் தப்பில்லை" என்றாள். ஐப்பசி மழையில் நீர் தேங்கி வேரும் அழுகிற்று.

காரணம் அறியவேண்டிச் சென்ற கோடை விடுமுறையில் தேனி ஜில்லாவின் கம்பம் பள்ளத்தாக்குக்குப் பிரயாணமானேன். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் எங்கும் பந்தல்கள்; பந்தலுக்கடியில் கருநீலக் குலைகள். காலடியிலோ மணல் கலந்த செம்மண். எவ்வளவு பாய்ச்சினாலும் நீர் தங்காமல் வடிந்துவிடுகிறது. என் கொல்லைக்கு இல்லாத பாக்கியம் இதுதான்.

அங்கே விளைவது பன்னீர் திராட்சை. சாஸ்திரிகள் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்பர். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தார் என்று சொல்லுகிறார்கள். இதே இனத்துக்குச் சீனர் இட்ட பெயரின் பொருள் 'ரோஜா மணம்'. நாமோ ரோஜாவின் பன்னீரையே பெயராக்கினோம். இரு தேசத்து மூக்குகளும் ஒரே தீர்ப்பை வழங்கியிருப்பது வியப்பல்லவா?

ஐரோப்பாவில் பனிக்காலம் முழுதும் உறங்கி, ஆண்டுக்கொரு முறை காய்க்கும் கொடி இது. கம்பத்தில் பனிக்காலம் ஏது? கவாத்துக் கத்தியே அதற்குப் பருவம். கவாத்துச் செய்த சுமார் நான்கு மாதத்தில் குலை பழுக்கிறது; இரண்டாண்டில் ஐந்து அறுவடை காண்கிறார்கள். தோட்டந்தோறும் முறை மாற்றிக் கவாத்துச் செய்வதால் ஆண்டு முழுவதும் பழம் உண்டு.

"அப்படியானால் செல்வந்தான்!" என்றேன். பந்தல்காரப் பெரியவர் சிரித்தார்.

"வாத்தியாரையா, இதுக்குத் தோல் மெல்லிசு. பறிச்சா நாலு நாள் தாங்காது. அதனாலே வியாபாரி சொன்னதுதான் விலை."

2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரைப் பிறர் திருடாமல் அது காக்கும். பழம் கெடாமல் அதனால் காக்க இயலுமா? பிரான்ஸில் திராட்சைக் குடும்பங்கள் பழத்தைப் பிழிந்து பீப்பாயில் அடைத்துவிட்டு, நல்ல விலைக்குக் காத்திருக்கின்றன. இங்கே மதுவே ஆகவேண்டுமென்பதில்லை. விதையுள்ள பழமாதலால் கிஸ்மிஸுக்கும் ஏற்றதன்று. ஆனால் சாறு பிழிந்து, சூடேற்றிப் புட்டிகளில் அடைக்கலாமே! ஊருக்கு ஊர் விவசாயிகள் கூடி அத்தகைய சாலையொன்று அமைத்தால், பெரியவர் வியாபாரியிடம், "நாளை வாரும்" என்று சொல்லமுடியும்.

நான் மீண்டும் ஒரு கொடி கொண்டுவந்திருக்கிறேன். இம்முறை ஆற்று மணலும் தொழு உரமும் கலந்து மேடாக்கி நட்டாயிற்று. தீர்ப்புக் கூற என் மனைவி காத்திருக்கிறாள்.