மச்சி, உனக்கு என்ன வேணும்?

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட உங்க ஃப்ரெண்ட் பிழைச்சு வந்தாச்சு. அடுத்து? 'நல்லா நடக்கணும்' என்பார் டாக்டர். 'பரீட்சை எழுதணும்' என்பார் அப்பா. சரி, அவனிடம் யாராவது கேட்டாங்களா?

இங்கிலாந்தின் ஈலி நகரில் உளவியல் நிபுணர் பார்பரா வில்சன் 1996-ல் தொடங்கிய ஆலிவர் ஜாங்வில் மையத்தில், மூளையில் அடிபட்டவரும் தெரபிஸ்ட்களோடு உட்கார்ந்துதான் இலக்கை முடிவு செய்தார். கனடாவில் 1991-ல் வெளியான ஒரு முறை இன்னும் சிம்பிள். எது உங்களுக்கு முக்கியம், அதை எவ்வளவு செய்ய முடியுது, அதில் திருப்தியா? மூன்றுக்கும் 1 முதல் 10 வரை மார்க் போடுவது நோயாளியேதான்!

சிக்கலும் உண்டு. மூளையின் முன்பகுதியில் அடிபட்டால், தன் குறையே தனக்குத் தெரியாமல் போகலாம். காலையில் சாப்பிட்டதை மறந்தவன், 'நாளைக்கே காலேஜ் வர்றேன்' என்பான். சிரிக்காதீங்க. நல்ல தெரபிஸ்ட் அந்த ஆசையைத் தட்டிவிட மாட்டார். சின்னச் சின்னப் படியாகப் பிரிப்பார். முதலில் டைரியைப் பார்த்துத் தானே மாத்திரை சாப்பிடணும். அப்புறம் அரை மணி நேரம் படிக்கணும். எது முடியுது, எது முடியலைன்னு செய்து பார்க்கும்போது அவனுக்கே மெள்ளப் புரியும். இலக்கு அவனுடையது என்பதால் முயற்சியும் தொடரும்.

அடுத்த தடவை அவனைப் பார்க்கப் போறப்போ, ஹார்லிக்ஸோட அந்தத் தலைப்புக் கேள்வியையும் எடுத்துட்டுப் போங்க. பதில் வர லேட்டாகும். வெயிட் பண்ணுங்க!