பல்லாவரம் சரளைக் குழியில் கிடைத்த கல்

சென்னையை அடுத்த ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம் பக்கம் புதுமனை கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்துக்கு முன்பே ஒரு லோடு கிராவல் சொல்லிவிடுவார்கள். லாரி கொட்டிவிட்டுப் போகும் அந்தச் சிவப்புச் சரளையை யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால், இந்திய மண்ணில் மனிதர் எவ்வளவு காலமாக வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கு முதல் தடயம் அகப்பட்டது அப்படியொரு சரளையில்தான். இடமும் தூரத்தில் இல்லை. ஐயப்பன்தாங்கலிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 8 கிலோமீட்டர்: பல்லாவரம்.

நாள் 1863 மே 30. பல்லாவரம் படை முகாமின் அணிவகுப்பு மைதானத்தருகே தோண்டப்பட்டிருந்த சரளைக் குழியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைக் கையிலெடுத்தார். அப்போது அவருக்கு 28 வயது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்தவர். பாறைகளையும் மண் அடுக்குகளையும் வரைபடமாக்குவதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. பழைய மனிதரைத் தேடச் சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லை.

ஆனால் அவர் கண் தயாராக இருந்தது. 1859இல்தான் பிரான்சின் சோம் பள்ளத்தாக்கில் கிடைத்த கல்கருவிகள் அழிந்துபோன விலங்குகளின் காலத்தவை என்று பிரெஸ்ட்விச், ஈவான்ஸ் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் பார்த்து உறுதி செய்திருந்தார்கள். டார்வினின் புத்தகம் வந்ததும் அதே ஆண்டில். மனிதருக்கு ஆறாயிரம் ஆண்டு வரலாறுதான் என்று நம்பிக்கொண்டிருந்த ஐரோப்பா ஆட்டம் கண்டிருந்த நேரம் அது. ஃபூட் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தார். அதனால்தான் பல்லாவரத்துக் கல்லைப் பார்த்ததும், உடைந்த பாறை என்று வீசிவிடாமல், செதுக்கப்பட்டது என்று புரிந்துகொண்டார்.

நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 28 அன்று, ஃபூட்டும் அவருடைய சக ஆய்வாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றுப் படுகையில் பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தார்கள். பல்லாவரத்தில் கிடைத்தது ஓரிரு கற்கள். இங்கே கைக்கோடரி என்று அழைக்கப்படும் கருவிகள் இறைந்து கிடந்தன. 

எழும்பூர் அருங்காட்சியகத்தில் இந்தக் கைக்கோடரிகளைப் பார்க்கலாம். ஃபூட் வாழ்நாள் முழுதும் சேர்த்த தொகுப்பை 1904இல் சென்னை அரசு வாங்கி அங்கே வைத்தது. கல் குவார்ட்சைட், மிகக் கடினமானது. ஒரு முனை கூர், மறுமுனை உள்ளங்கையில் அமரும்படி உருண்டை. இரண்டு முகத்திலும் ஆழமற்ற குழிவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகும். ஒவ்வொரு குழிவும் வேறொரு கல்லால் அடித்துப் பெயர்த்த ஒரு சில்லின் தழும்பு. தண்ணீரில் உருண்டு உடைந்த கல்லில் இந்த ஒழுங்கு வராது. எங்கே அடித்தால் எவ்வளவு பெயரும், அடுத்த அடி எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த மூளையின் வேலை அது.

இவ்வளவும் தெரிந்தும், கருவிகளின் வயது மட்டும் நூறாண்டுக்கு மேல் பிடிபடாமலே இருந்தது. 1930களில் கேம்பிரிட்ஜ் அறிஞர் பேட்டர்சன், பிறகு வி.டி.கிருஷ்ணசுவாமி என்று பலர் இந்தப் படுகையை ஆராய்ந்தார்கள். விடை கிடைத்தது சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவுக்கு. சென்னையிலுள்ள சர்மா மரபுக் கல்வி மையத்தைச் சேர்ந்த இவர்கள் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். அடுக்கடுக்காக மண்ணை நீக்கி, ஒவ்வொரு கல்லும் கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டே போன பொறுமையான வேலை. கைக்கோடரி அடுக்குகளில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட கருவிகள் கிடைத்தன. விலங்குப் பற்களின் புதைபடிவங்களும் இருந்தன.

வயதைச் சொன்னவை அந்தக் கற்களேதான். ஒரு கல் தரையில் திறந்து கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் அதன் குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. ஆழமாகப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும், சிதைவு தொடரும். அலுமினியம் 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம் பாதியாக அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு காலம் பிடிக்கும். வெவ்வேறு வேகத்தில் எரியும் இரண்டு ஊதுவத்திகளில் மிச்சமிருப்பதைப் பார்த்து எப்போது கொளுத்தினார்கள் என்று கணக்கிடுவதைப் போன்றது இது. 2011இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான விடை: குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு, சராசரி 15.1 லட்சம் ஆண்டு. அதே மண்ணில் பதிந்திருந்த பழைய காந்தப்புலத்தின் திசையும் இன்றைக்கு நேர் எதிராக இருந்தது. பூமியின் காந்தத் துருவங்கள் கடைசியாக இடம் மாறியது 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். ஆக, அடுக்கு அதற்கும் மூத்தது.

2018இல் ‘நேச்சர்’ இதழில் இதே குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. மேல் அடுக்குகளில் கிடைத்த 7,000க்கும் அதிகமான கருவிகள் சிறியவை, நுட்பமானவை. கனத்த கைக்கோடரியைக் கைவிட்டு இந்தப் புது முறைக்கு மாறியது இங்கே 3,85,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து பிற்காலத்தில் வந்த நம்மைப் போன்ற மனிதர்கள்தான் அந்த முறையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்ற கருத்து பலமாக இருந்தது. அத்திரம்பாக்கம் அதை அசைத்துவிட்டது.

கருவி செய்தவர் யார்? அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இந்தியாவிலேயே மிகப் பழைய மனித மண்டையோடு என்று காட்ட 1982இல் நர்மதைக் கரையில் ஹத்னோராவில் கிடைத்த ஒரு பகுதிதான் இருக்கிறது. 15 லட்சம் ஆண்டுக்கு முன் நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் உலகில் எங்குமே இல்லை. பூண்டிப் பக்கம் உட்கார்ந்து கல் செதுக்கியது நமக்கு முந்தைய வேறொரு மனித இனம்.

பூந்தமல்லியும் திருவள்ளூரும் இன்று வேகமாக வளர்கின்றன. குவாரிக்கும் மனைக்கும் தோண்டப்படும் மண்ணில் எத்தனை கருவிகள் அடையாளம் தெரியாமல் போகின்றனவோ! சாலையும் வீடும் வேண்டும்தான். ஆனால் தோண்டுவதற்கு முன் தொல்லியல் அறிந்த ஒருவர் அந்த இடத்தைப் பார்க்க வழிசெய்வது பெரிய செலவில்லை.

பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. ஐயப்பன்தாங்கலிலிருந்து பூந்தமல்லி, திருவள்ளூர் வழியாகக் காலையில் கிளம்பினால் பிள்ளைகளுடன் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆற்றோரத்தில் செதுக்கிய கல் கண்ணில் பட்டால் எடுத்துவர வேண்டாம். கிடந்த இடத்தை விட்டுப் பிரிந்த கல் தன் வயதைச் சொல்லாது. படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, அருங்காட்சியகத்தில் தெரிவியுங்கள்.