மலையேறும் பழைய டீசல் ஜீப்: பம்பைத் திருகுமுன் பிரேக்கைப் பாருங்கள்

பொழுது விடியுமுன் போடியிலும் கம்பத்திலும் புறப்படும் ஜீப்புகள் இல்லையென்றால் இடுக்கியின் பல ஏலத் தோட்டங்களில் அன்றைய வேலை நடக்காது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மூன்று வழிகளிலும் கூலியாட்களையும், உரத்தையும், ஏலக்காய் மூட்டைகளையும் சுமப்பது பெரும்பாலும் பழைய டீசல் வண்டிகளே. பாலக்காடு பக்கம் நெல்லியாம்பதியின் காட்டுப் பாதைகளிலும் இதே கதைதான். 1924 வெள்ளம் மூணாறின் குண்டளை ரயில் பாதையை அடித்துச் சென்ற பிறகு, இம்மலைகளின் சுமையில் பெரும்பகுதி காலப்போக்கில் சாலையின் தலையில் விழுந்தது.

இந்த வண்டிகளுக்கு "இழுவை போதவில்லை" என்பது உரிமையாளர்களின் வழக்கமான புகார். பின்னால் டிரெய்லர் மாட்டினால் கேட்கவே வேண்டாம். உடனே மெக்கானிக்கிடம் போய், "பம்பைக் கொஞ்சம் திருகிக் கொடு" என்கிறார்கள். இது சரியான வைத்தியமா?

காற்றுதான் குறைகிறது

மலையில் குறைவது டீசல் அல்ல, காற்று. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஏறும் கொழுக்குமலையிலோ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. டர்போ இல்லாத பழைய இன்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழந்தே தீரும்.

காற்று குறைந்த இடத்தில் டீசலைக் கூட்டினால் அது முழுவதும் எரியாது, கரும்புகையாகப் போகும். புகை வந்தால் பணம் போகிறது என்று பொருள். அதோடு நின்றால் பரவாயில்லை. இன்ஜினுக்குள் சூடு ஏறிப் பிஸ்டன் உருகுவதும், ஹெட் வெடிப்பதும் இதனால்தான். ஆகவே மலையிலேயே ஓடும் வண்டிக்குப் பம்பைக் கூட்டக் கூடாது. டெஸ்ட் பெஞ்சில் வைத்து நான்கு சிலிண்டருக்கும் டீசல் ஒரே அளவில் போகிறதா என்று பார்த்து, புகை அடங்கும் அளவுக்குச் சற்றே குறைப்பதுதான் முறை.

முதலில் செய்ய வேண்டியவை

ஏர் கிளீனரைச் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வகையானால், தோட்டத்துப் புழுதியில் அது விரைவில் சேறாகிவிடும். இருக்கிற கொஞ்சக் காற்றையும் அது தடுக்கும். அடுத்து டீசல் பில்டர், நாசில், வால்வு இடைவெளி, பம்ப் டைமிங் ஆகியவற்றைத் தயாரிப்பாளர் தந்த கணக்குப்படி சரி செய்ய வேண்டும். காதால் கேட்டுப் பிடிக்கும் கணக்கு மலைக்கு உதவாது. இவற்றை ஒழுங்காகச் செய்தாலே பல வண்டிகளுக்குப் போன சக்தியில் பெரும்பகுதி திரும்பிவிடும்.

ரேடியேட்டர் மூடியைச் சிறிய பொருளென்று அலட்சியம் செய்யாதீர்கள். 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடிதான் அதைத் தடுக்கிறது. பேன் பெல்ட்டின் இறுக்கத்தையும் கூடவே பார்த்துவிடுங்கள்.

சிலர் டர்போ பொருத்துகிறார்கள். காற்றுக் குறையை அது ஈடு செய்யும் என்பது உண்மையே. ஆனால் பழைய பிஸ்டனும், கியர் பெட்டியும், ரேடியேட்டரும் அந்தச் சக்தியைத் தாங்க வேண்டுமே! தவிர, தயாரிப்பாளர் தந்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. விபத்து நேர்ந்து இன்ஷூரன்ஸ் கேட்கும்போது இது பெரிய வில்லங்கமாகிவிடும்.

இறக்கத்தின் கணக்கு

போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற்றம்; 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி, டிரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து 3 டன் என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே இரண்டரை லிட்டருக்கு மேல் டீசல் செலவாகும். திரும்பி இறங்கும்போது அந்தச் சக்தி எங்காவது போயாக வேண்டும். அது 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு! இன்ஜின் பிடித்துக்கொள்ளும் பங்கு போக மீதி பெரும்பாலும் பிரேக் டிரம்களில்தான் இறங்குகிறது. லைனிங் கருகி, பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது.

ஆகவே எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். செங்குத்தான இடங்களில் லோ கியரைப் போடுங்கள். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் உருட்டுவதும், இன்ஜினை நிறுத்துவதும் தற்கொலைக்குச் சமம். பூஸ்டர் உள்ள டீசல் வண்டியில் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்பும் இன்ஜினோடுதான் ஓடுகிறது. இன்ஜின் நின்றால் அந்த உதவியும் சிறிது நேரத்தில் நின்றுவிடும். ஆண்டுதோறும் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பிரேக்கும், கொக்கியோடு காப்புச் சங்கிலியும் அவசியம். சுமையை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்தால் டிரெய்லர் ஆடாது.

15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது நடக்கும் சோதனையை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். இந்த ஜீப்புகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து வருபவர்கள் அன்றாடக் கூலிக்குப் போகும் நம் தாய்மார்கள். வண்டிக்குச் செலவழிக்கப் பணம் கொஞ்சமே இருந்தால் முதல் ரூபாய் பிரேக்குக்கும், அடுத்தது டயருக்கும், அதற்கடுத்தது ரேடியேட்டருக்கும் போகட்டும். பம்ப் கடைசியில் வரட்டும். ஏற்றத்தில் பத்து நிமிடம் தாமதமானால் யாருக்கும் நஷ்டமில்லை.