குழந்தைக் கட்டில் விற்கும் முன்

ஏணை கட்டிய காலம் போய், புத்தளத்திலும் பிறக்கப் போகும் பிள்ளைக்குத் தனி அறை, அலங்காரக் கட்டில் என்று தேடி வருகிறார்கள். விற்கும் நாம் சரக்கை அறிந்திருக்க வேண்டும்.

கட்டிலின் சட்டங்களுக்கிடையே 6 சென்டிமீற்றருக்கு மேல் இடைவெளி ஆகாது. உடல் நழுவித் தலை சிக்கிவிடும். சோடா டின் நுழைந்தால் அக்கட்டில் வேண்டாம். பக்கத்தை ஏற்றி இறக்கும் கட்டிலில் குழந்தைகள் சிக்கி இறந்ததால் அமெரிக்கா 2011இல் அதைத் தடை செய்தது. உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புக்கு 2022இல் தடை வந்தது. பாவித்த சாமான்களோடு இவை நம் கடைக்கும் வரலாம்.

கெட்டியான மெத்தை, இறுக்கிய விரிப்பு, தொங்கி விழாத நுளம்பு வலை போதும். தலையணை, பொம்மை கேட்டால் தூங்குமிடத்தில் வைக்க வேண்டாமென்று சொல்லியே கொடுக்கிறேன். சிலர் வாங்காமல் போகிறார்கள், இலாபம் குறைகிறது. குறையை மறைத்து வரும் காசைவிட அந்த நட்டம் மேல்.